வடக்கு வெளிச்சம்

கும்பகோணம். பங்குனி மாதம். காலை ஒன்பதரை.

ஸ்டூடியோவின் ஷட்டர் முக்கால்வாசி ஏறி நிற்கிறது. அதற்கு மேல் போகாது. உள்ளே வருகிறவர்கள் எல்லோரும் தலை குனிந்துதான் வர வேண்டும். இங்கே அவர்கள் கொடுக்கும் முதல் போஸ் அது.

முகப்பில் கண்ணாடிப் பெட்டி. உள்ளே பதினோரு படங்கள். பட்டமளிப்பு அங்கியில் ஒருவர். பூத்தைத்த சடை தெரிவதற்காகக் கண்ணாடிக்கு முதுகு காட்டி நிற்கும் ஒரு பெண். குப்புறப் படுத்துத் தலை தூக்கும் ஒரு குழந்தை. அந்தக் குழந்தை எதிர்வரிசையில் செருப்புக்கடை வைத்திருக்கிறார். படத்தில் தலையில் முடி இல்லை. இப்போதும் இல்லை.

கல்லாவில் ஸ்டூடியோக்காரப் பெரியவரின் அக்கா மகன். முன்னால் கணினி, பக்கத்தில் பிரிண்டர். சுவரில் வெள்ளைத் துணி, அதன்முன் ஒரு ஸ்டூல். ஒரு பெண் உட்காருகிறாள். முடியை ஒதுக்கக் கையைத் தூக்குகிறாள்.

“எடுத்தாச்சு.”

கை இன்னும் காதருகே இருக்கிறது.

நான்கு நிமிடத்தில் எட்டு காப்பி. அவள் பார்க்காமல் கைப்பையில் போட்டுக்கொண்டு குனிந்து வெளியே போகிறாள்.

அடுத்தவர் கையில் ஆதார் அட்டை. போன வாரம் இறந்துபோன அப்பாவுடையது. பத்தாம் நாளுக்குள் பெரிய படம் வேண்டும். தபால்தலை அளவு முகம் திரையில் பெரிதாகிறது. பெரிதாகப் பெரிதாக முகம் கரைந்து கட்டம் கட்டமாகிறது. அக்கா மகன் மூக்கைக் கூராக்குகிறான்.

“கோட்டு போட்டுடலாமா?”

“அப்பா சட்டையே போட மாட்டாரு. துண்டுதான்.”

“கோட்டு போட்டா எடுப்பா இருக்கும்.”

வந்தவர் யோசிக்கிறார். கணினியில் பல நிறத்தில் கோட்டுகள் இருக்கின்றன. கடைசியில் சாம்பல் நிறம் முடிவாகிறது.

கல்லாவுக்குப் பின்னால் ஒரு பச்சைத் திரை. அதற்கு அப்பால் இந்தச் சத்தம் குறைவு.

திரைக்குப் பின்னால் நீளமான அறை. வடக்குச் சுவர் இடுப்பு உயரத்துக்கு மேல் கண்ணாடி. கூரையிலும் வடக்குச் சரிவு மட்டும் கண்ணாடி. மின்சாரம் ஊருக்கு வந்து சேராத காலத்துக் கட்டுமானம். வடக்கில் நேர்வெயில் விழாது. வெளிச்சம் மட்டும் வரும். மாவு சலித்த மாதிரி வரும். சித்திரை தொடங்கி ஆவணி பிறக்கும்வரை உச்சிச் சூரியன் இந்த ஊருக்கு வடக்கே நகர்ந்துவிடுகிறது. அந்த நாலு மாதமும் கண்ணாடிக்கு வெள்ளைத் துணி கட்ட வேண்டும். துணி மூலையில் மடித்து வைத்திருக்கிறது. இன்னும் வாரம் பத்து நாளில் வேலைக்கு வரும்.

அறை நடுவில் சக்கரம் வைத்த மரத்தாங்கியில் ஒரு பெரிய கேமரா. துருத்தி சுருங்கி மூடியிருக்கிறது. மேலே கறுப்புத் துணி. ஹாஃப் பிளேட் ஃபிலிம் வருவது நின்று பல வருஷம் ஆகிறது. தினமும் காலையில் பெரியவர் அதன் பித்தளையைத் துடைக்கிறார். துடைத்த பிறகு அலமாரியைத் திறந்து யாஷிகா மேட்டை எடுக்கிறார்.

அலமாரியின் கீழ்த்தட்டில் மஞ்சள் பழுத்த அட்டைப்பெட்டி. ‘இந்து’ என்று அச்சிட்டிருக்கிறது. ஊட்டியில் 1960இல் தொடங்கி 1967இல் உற்பத்திக்கு வந்த இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலையின் பேப்பர்ப் பெட்டி. ஆலை இப்போது ஓடவில்லை. பெட்டிக்குள் மின்சாரக் கட்டண ரசீதுகள்.

டச்சிங் மேசை ஜன்னலோரம். சாய்வான பலகை, நடுவில் தேய்த்த கண்ணாடி, கீழே முகம் பார்க்கும் கண்ணாடி. வெளிச்சம் கீழிருந்து ஏறி நெகட்டிவைத் துளைத்து வரும். ஊசி மாதிரி சீவிய பென்சில்கள் மூன்று. சீவுவதற்கு உப்புத்தாள். மேசைக்கு மேல் சுவரில் பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டிய ஒரு படம். 1941 டிசம்பர் 30, ஒட்டாவா நாடாளுமன்றத்தில் யூசுஃப் கார்ஷ் எடுத்த சர்ச்சில். கார்ஷ் கிட்டே போய் வாயிலிருந்த சுருட்டை எடுத்துவிட்டார். அந்த முறைப்புதான் படம். பெரியவரின் அப்பா ஒட்டியது. ஓரத்தைக் கரையான் தின்றுவிட்டது. முறைப்பு மிச்சம்.

பத்தேகால். பச்சைத் திரை விலகுகிறது.

ஒரு பாட்டி. பின்னால் பேரன். பேரன் கையில் மஞ்சள் பை, அதற்குள் வேட்டியில் சுற்றிய ஏதோ ஒன்று. தட்டையாக, கனமாக இருக்கிறது.

“கறுப்பு வெள்ளையில எடுப்பீங்களாமே?”

“எடுக்கலாம்மா. உக்காருங்க.”

பாட்டி உட்காரவில்லை. வேட்டியைப் பிரிக்கிறாள். சட்டம் போட்ட படம். கண்ணாடியில் நெற்றிக்கு நேராகக் காய்ந்த சந்தனம், அதன்மேல் குங்குமம். வெள்ளைச் சட்டை போட்ட இளைஞர். இடுப்புவரை. நாற்காலிக் கையில் மடித்து வைத்த இடது கை, மணிக்கட்டில் கடிகாரம். படத்துக்குக் கீழே வெள்ளைப் பட்டையில் இரண்டு வரி. தோற்றம் 1937. மறைவு 1988.

“இதுக்கு ஜோடியா ஒண்ணு வேணும். எனக்கு.”

பேரன் சுவரைப் பார்க்கிறான்.

“கலர்ல எடுத்தா பக்கத்துல மாட்ட நல்லாருக்காது தம்பி. அவரு ஒரு மாதிரி, நான் ஒரு மாதிரின்னு இருக்கும்.”

பெரியவர் படத்தை வாங்கி ஜன்னலருகே கொண்டு போகிறார். சட்டைப்பையிலிருந்து லென்ஸ் வெளியே வருகிறது. லென்ஸ் முதலில் போவது முகத்துக்கு அல்ல, கண்மணிக்கு. கறுப்பில் ஒரு வெள்ளைப் புள்ளி. லென்ஸுக்கு அடியில் அது ஜன்னலாகிறது. ஏழு குறுக்குச் சட்டம். பெரியவர் நிமிர்ந்து வடக்குச் சுவரைப் பார்க்கிறார். ஏழு குறுக்குச் சட்டம்.

ஜன்னலுக்குப் பக்கத்தில், கண்மணியின் ஓரத்தில், இன்னொரு சின்ன வெள்ளை. எதிர்ப்பக்கம் வெளிச்சத்தைத் திருப்பப் பிடித்த வேட்டித்துணி. அதைப் பிடித்திருந்த பையனுக்கு அப்போது 15 வயது. இப்போது லென்ஸைப் பிடித்திருக்கிறார்.

“அப்பா எடுத்தது” என்கிறார். யாருக்கும் அல்ல.

நெகட்டிவ் அலமாரி சுவரை அடைத்து நிற்கிறது. பழுப்பு உறைகள், எண் வரிசையில். தமிழகத்து ஸ்டூடியோக்களின் பழைய படங்களைத் தேடி, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் ஊர் ஊராகப் போனார்கள். படியெடுத்துப் பாதுகாக்க பிரிட்டிஷ் நூலகத்தின் திட்டம் ஒன்று பணம் தந்தது. பல இடங்களில் அவர்களுக்கு முன்பே வெள்ளி வாங்குகிறவர் வந்துபோயிருந்தார். முகங்களைக் கழுவி எடுத்தால் வெள்ளி தனி, கண்ணாடி தனி.

இங்கே பெரியவர் வருஷா வருஷம் வேப்பிலை மாற்றுகிறார். அவ்வளவுதான் பாதுகாப்பு.

பதிவேடு 1971. தை மாதம். விரல் கீழே இறங்குகிறது. நிற்கிறது. பேரன் எட்டிப் பார்த்து வாய்விட்டுப் படிக்கிறான்.

“எண் 4127. ஹாஃப் பிளேட். இடுப்பளவு. பத்துக்குப் பன்னிரண்டு ஒண்ணு. கைக்கடிகாரம்…”

நிறுத்துகிறான்.

“கைக்கடிகாரம் நம்முடையது.”

பாட்டி முந்தானையை இழுத்து வாயைத் துடைத்துக்கொள்கிறாள்.

பெரியவர் மேசை இழுப்பறையைத் திறக்கிறார். கண்ணாடிச் சீசா, சீப்பு, பவுடர் டப்பா, ஒரு டை, ஒரு கைக்கடிகாரம். பத்து மணி பத்து நிமிடம். அன்றும் ஓடவில்லை. முள் அழகாக விரிந்திருந்தால் போதும் என்று அப்பா வாங்கிப் போட்டது. பேரன் அதையும் படத்தையும் மாறி மாறிப் பார்க்கிறான். தாத்தாவின் கடிகாரம் எங்கே போனது என்று அவன் வீட்டில் நெடுநாளாக ஒரு பேச்சு உண்டு போலிருக்கிறது. பாட்டி கண்ணாடிக் கூரையை ஆராய்கிறாள்.

உறைக்குள்ளிருந்து 4127 வெளியே வருகிறது. பெரியவர் ஓரங்களை மட்டும் பிடித்து டச்சிங் மேசையில் வைக்கிறார். கறுத்த முகம், வெளுத்த முடி, கறுத்த சட்டை. கன்னத்தில் வெளிச்சம் சாய்ந்ததும் பென்சில் தடங்கள் தெரிகின்றன. சின்னச் சின்னக் கால்புள்ளிகள், ஒன்றன்மேல் ஒன்று. அம்மைத் தழும்பு ஒவ்வொன்றையும் ஒரு கால்புள்ளி அடைத்திருக்கிறது. நெகட்டிவில் வெளிறிய இடத்தைப் பென்சில் கரி நிரப்பினால் பிரிண்டில் அந்த இடம் வெளுத்துச் சமமாகும். அப்பாவின் கை கால்புள்ளி. பெரியவரின் கை வெறும் புள்ளி. பதிவேடு இல்லாமலும் யார் தொட்ட நெகட்டிவ் என்று சொல்லிவிடலாம்.

“இவருக்கு அம்மை போட்டிருந்துச்சாம்மா?”

“கன்னம் பூரா. படம் வந்ததும் இது நான் இல்லேன்னாரு. அப்புறம் சட்டம் போட்டுட்டு வந்தாரு.”

“நீங்க அன்னிக்கு எடுத்துக்கலையா?”

“அந்தா, அந்தப் பெஞ்சிலதான் உக்காந்திருந்தேன். போட்டோ எடுத்தா ஆயுசு கொறையும்னு மாமியா சொல்லிட்டாங்க. நான் வேணாம்னுட்டேன்.”

பாட்டிக்கு 78 வயது. பெஞ்சு அதே இடத்தில் இருக்கிறது.

பெரியவர் படத்தை நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டு எட்டடி பின்னால் போகிறார். பார்க்கிறார். தலையை வலப்பக்கம் சாய்க்கிறார்.

“எந்தப் பக்கம் மாட்டுவீங்க?”

“என்னது?”

“சுவத்துல. அவருக்கு எந்தப் பக்கம் நீங்க?”

பாட்டி கண்ணை மூடுகிறாள். கையைக் காற்றில் நீட்டி வீட்டுச் சுவரைத் தடவுகிறாள். இங்கே காலண்டர், இங்கே மின்விசிறி சுவிட்ச், இங்கே அவர்.

“அவருக்கு வலது கைப் பக்கம் சுவிட்சுப் பெட்டி. எடமில்லை. இந்தப் பக்கந்தான்.”

பார்க்கிறவருக்கு அவர் இடது. அவள் வலது. அவர் முகம் ஜன்னலை நோக்கி, படத்தின் வலது ஓரத்தைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. அவளும் அதே பக்கம் பார்த்தால் அவர் அவளைப் பார்ப்பார், அவள் சுவரின் மறுகோடியைப் பார்ப்பாள். அவள் அவர் பக்கம் பார்க்க வேண்டுமென்றால் ஜன்னலுக்கு முகம் திருப்ப முடியாது. வெளிச்சம் காதில் விழும். மூக்குக்கு அந்தப் பக்கம் இருட்டு.

பெரியவர் நாற்காலியைச் சுற்றி வருகிறார். ஜன்னலைப் பார்க்கிறார். ஜன்னல் நகராது.

அக்கா மகன் திரையை விலக்கித் தலையை நீட்டுகிறான்.

“மாமா, அவரு மாதிரியே எடுத்துருங்க. கம்ப்யூட்டர்ல போட்டு இடவலம் திருப்பிடலாம். ரெண்டு செகண்டு.”

பெரியவர் பாட்டியின் தோளைக் காட்டுகிறார்.

“முந்தானை வலது தோளுக்குப் போயிடும். வடக்கத்தி அம்மா ஆயிடுவாங்க.”

அடுத்து பாட்டியின் மோவாயில் இருக்கும் மருவைக் காட்டுகிறார். அக்கா மகன் தலையை உள்ளே இழுத்துக்கொள்கிறான்.

படுதாவை அவிழ்க்கிறார். நாடகக் கம்பெனிக்குப் படுதா எழுதியவர் எழுதியது. கைப்பிடிச் சுவர், படிக்கட்டு, ஒரு தூண், தூரத்தில் நிலா. தாத்தாவின் தோளுக்குப் பின்னால் இருப்பது அந்தத் தூண்தான். நிலாவை எலி தின்றிருக்கிறது. பூந்தொட்டி ஸ்டாண்டை நகர்த்தி அதன்முன் வைக்கிறார்.

நாற்காலியை ஜன்னலிலிருந்து கால்பங்கு மட்டும் திருப்புகிறார். பாதி திருப்பவில்லை. பேரனைக் கூப்பிட்டு மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய வேட்டித்துணியைக் கையில் கொடுக்கிறார்.

“இன்னும் கீழ. ஒன் முகத்துல படற வெளிச்சம் அப்பாயி கன்னத்துக்குப் போகணும். துணியைப் பாக்காத, கன்னத்தைப் பாரு.”

பேரன் துணியைச் சாய்க்கிறான். பாட்டியின் வலது கன்னத்தில் இருட்டு விலகுகிறது. சாய்க்கிறான், கூடிவிட்டது. ஒரு விரல்கடை பின்வாங்குகிறான். நிற்கிறது.

அவன் வயது 22. துணி பிடிக்கக் கூலி கிடையாது.

யாஷிகாவின் மூடி திறக்கிறது. பெரியவர் குனிகிறார். மேலிருந்து பார்க்கும் அந்தச் சதுரக் கண்ணாடியில் எல்லாமே இடவலம் மாறித்தான் தெரியும். அதற்குள் பாட்டியின் முந்தானை வலது தோளில் கிடக்கிறது. எதிரே இருப்பவர் வலப்பக்கம் நகர்ந்தால் பிம்பம் இடப்பக்கம் ஓடும். ஐம்பது வருஷம் குனிந்த கழுத்துக்கு அது பழகிவிட்டது.

பாட்டி நிமிர்ந்து உட்காருகிறாள். இரண்டு கையும் மடியில். மடியில் சுருக்குப்பை. பிடி இறுக்கமாக இருக்கிறது.

முதல் படம். முகத்தில் ஒன்றும் இல்லை. ரேஷன் கடை முகம்.

“மூச்சை விடுங்கம்மா.”

இரண்டாவது படம். மூச்சு விட்ட முகம்.

பெரியவர் நிறுத்துகிறார். கேபிள் விரலுக்கிடையில் தொங்குகிறது. கூரைமேல் ஒரு மேகம் நகர்கிறது. அறை மங்குகிறது. காத்திருக்கிறார். வெளியே ஒரு பேருந்து நெடுநேரம் ஹாரன் அடிக்கிறது. யாரும் பேசவில்லை. பாட்டியின் தோள் தானாக அரை அங்குலம் இறங்குகிறது. மேகம் போகிறது.

மூன்றாவது.

“பேரனுக்குக் கல்யாணம் எப்போ?”

நான்காவது. பல் தெரிகிறது. துணி ஆடிவிட்டது.

பெரியவர் கேமராவை விட்டு விலகி முன்னால் வருகிறார். முந்தானை மடிப்பைச் சரிசெய்கிறவர்போலக் குனிகிறார். மடியிலிருந்த சுருக்குப்பையை எடுத்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பி நடக்கிறார்.

பாட்டியின் புருவம் இறங்குகிறது. மோவாய் முன்னே வருகிறது. 54 வருஷம் ஒரு பெட்டிச்சாவியை இன்னொருவர் தொடவிடாத முகம்.

கேபிள் அழுந்துகிறது.

“அவ்வளவுதாம்மா.”

“பையைக் குடுங்க மொதல்ல.”

ரோலில் 12 படம். ஐந்து முடிந்தது. மீதி ஏழு. அதற்கு ஆள் வந்தால்தான் ரோலைக் கழுவலாம். எட்டு நாள் தவணை சொல்கிறார்.

அன்று யாரும் வரவில்லை.

மறுநாள் ஒருவர் வருகிறார். கறுப்பு வெள்ளை என்றால் விலை குறைவா என்று கேட்கிறார். கூடுதல் என்றதும் கலரில் எடுத்துக்கொண்டு போகிறார். கறுப்பு வெள்ளை ரோல் இல்ஃபோர்டு. சென்னையிலிருந்து தபாலில் வருகிறது.

மூன்றாம் நாள், நான்காம் நாள், ஐந்தாம் நாள். யாஷிகா அலமாரியில் இருக்கிறது.

ஆறாம் நாள் மதியம் பெரியவர் அக்கா மகனைக் கூப்பிட்டு நாற்காலியைக் காட்டுகிறார். தினம் முப்பது பேரை ஸ்டூலில் உட்கார வைக்கிறவன் உட்காருகிறான். தோள் நேராகிறது, வாய் மூடுகிறது, இரண்டு காதும் தெரிகிறது. பாஸ்போர்ட் அலுவலகம் தள்ளுபடி செய்ய முடியாத முகம். பெரியவர் குனிந்தபடியே இருக்கிறார். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம்.

“எடுத்தாச்சா மாமா?”

பதில் இல்லை. அவன் கழுத்தைச் சொறிகிறான். ஜன்னல் பக்கம் பார்க்கிறான். அங்கே ஏதோ ஞாபகம் வருகிறது.

க்ளிக்.

மீதிப் படங்கள் டீ கொண்டுவரும் பையனுக்கும், கண்ணாடிக் கூரைக்கும், வெறும் நாற்காலிக்கும்.

டார்க் ரூம் கதவின் உட்பக்கம் பெயிண்டில் எழுதியிருக்கிறது. அப்பாவின் கை. மெட்டால் 2. சல்ஃபைட் 100. ஹைட்ரோகுயினோன் 5. போராக்ஸ் 2. ஒரு லிட்டருக்கு, கிராம் கணக்கில். டி-76. நகைக்கடைத் தராசு, பித்தளைப் படிக்கற்கள். மெட்டால்தான் முதலில். சல்ஃபைட் முந்திவிட்டால் மெட்டால் கரையாது. எழுதியிருக்கும் வரிசையிலேயே போடுகிறார். படிப்பது இல்லை, ஆனாலும் ஒவ்வொரு வரிக்கும் கண் கதவுக்குப் போய் வருகிறது.

தெர்மாமீட்டர் 29 காட்டுகிறது. வேண்டியது 20. ஜூஸ் கடையிலிருந்து அக்கா மகன் ஐஸ் கொண்டு வருகிறான். பாலித்தீனில் கட்டிய ஐஸ் வாளிக்குள், வாளிக்குள் டேங்க்.

“எவ்வளவு நேரம் மாமா?”

“ஏழரை.”

“ஏழரையா?”

“நிமிஷம்டா.”

டேங்கைத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்துகிறார். வைக்கிறார். மறுபடி நிமிடத்துக்கு ஒருமுறை. பிறகு ஹைப்போ. ஹெர்ஷல் 1839இல் போட்டோவுக்குச் சொல்லிக்கொடுத்த உப்பு அது. உருவம் பிடித்த வெள்ளியை விட்டுவிட்டு மிச்சத்தைக் கரைக்கும். அது வருவதற்குமுன், எடுத்த படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கப் பயப்பட வேண்டியிருந்தது.

ஈர ஃபிலிம் துணிக் கிளிப்பில் தொங்குகிறது. கீழ்நுனியில் கனத்துக்கு இன்னொரு கிளிப். ஐந்து பாட்டிகள், கறுத்த முகத்தோடு.

கான்டாக்ட் பிரிண்ட் போட்டு, ஐந்தையும் அக்கா மகன் செல்போனில் படம் எடுத்துப் பேரனுக்கு அனுப்புகிறான். பத்து நிமிடத்தில் குரல் செய்தி வருகிறது. கல்லாவில் போனை வைத்து அழுத்துகிறான்.

“அந்தப் பல்லு தெரியறது வேணாம். மூணாவது நல்லாருக்குன்னு பய சொல்றான். நல்லாத்தான் இருக்கு. ஆனா அது நானில்லை. கடைசி. மொறைக்கிறது. அதைப் போடுங்க. பக்கத்துல அப்பிடி இருந்தாத்தான் அவரு சொன்ன பேச்சு கேப்பாரு.”

ஒரு வாடிக்கையாளர் நின்று கேட்கிறார். இன்னொரு தடவை போடச் சொல்கிறார்.

ஆறு சென்டிமீட்டர் சதுர நெகட்டிவ். டச்சிங் மேசையில் வைத்துப் பெரியவர் பென்சிலை எடுக்கிறார். முகம் சுண்டுவிரல் நகம் அளவு. அதில் சுருக்கங்கள் மயிரிழை. பென்சில் முனை கண்ணுக்குக் கீழே போய் நிற்கிறது. ஹாஃப் பிளேட்டில் கை வைக்க இடம் இருந்தது. இதில் ஒரு புள்ளி வைத்தால் பெரிதாக்கும்போது கன்னத்தில் சுண்ணாம்பு தெறித்த மாதிரி ஆகிவிடும். பென்சிலைத் திரும்ப வைக்கிறார். சுருக்கம் அப்படியே இருக்கிறது. மருவும்.

சிவப்பு விளக்கு. என்லார்ஜருக்கு அடியில் பேப்பர். பெரியவரின் உதடு அசைகிறது.

“ஓரொண்ணு ஒண்ணு. ஈரொண்ணு ரெண்டு. மூவொண்ணு மூணு…”

ஒரு வரி ஒரு விநாடி. பழைய வாய்ப்பாடு பதினாறு வரை உண்டு. ஒரு வாய்ப்பாடு முடிந்தால் பதினாறு விநாடி. இந்த அறையில் கடிகாரம் வேலை செய்தது கிடையாது. அப்பா பதினாறாம் வாய்ப்பாடுகூடச் சொல்வாராம், பெரிய படங்களுக்கு. கணக்கில் தப்பினால் படமும் தப்பும்.

ஆறாம் வரியில் கை வெளிச்சத்துக்குள் நுழைகிறது. கம்பி முனையில் ஒட்டிய காசளவு அட்டை. அதன் நிழல் பாட்டியின் வலது கன்னத்தில் விழுகிறது. நிற்காமல் நடுங்குகிறது. நின்றால் ஓரம் தெரியும். பத்தாம் வரியில் கை வெளியே வருகிறது. பிறகு இரண்டு கையையும் குவித்து, நடுவில் ஓட்டை விட்டு, வெளுத்த முந்தானைக்கு மட்டும் நாலு வரி கூடுதலாகத் தருகிறார்.

பேப்பர் டிரேயில் இறங்குகிறது. ஒன்றும் இல்லை. டிரேயின் ஓரத்தைத் தூக்கித் தூக்கி இறக்குகிறார். முதலில் வருவது கண். அடுத்து தலைமுடிக்கும் படுதாவுக்கும் நடுவில் ஒரு கோடு. புடவைக் கரை. மூக்கின் நிழல். முகம் கடைசியில் வருகிறது. வந்ததும் முறைக்கிறது.

முதல் பிரிண்ட் கறுத்துவிட்டது. கிழிக்கிறார். இரண்டாவதில் கன்னம் வெளிறிவிட்டது. கிழிக்கிறார். மூன்றாவதை ஹைப்போவில் போட்டுவிட்டுப் பேசாமல் ஸ்டூலில் உட்காருகிறார்.

ஒரு மணி நேரம் குழாயடியில் கழுவல். பாட்டி விட்டுப்போன பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். தாத்தா பழுப்பாக இருக்கிறார். புதுப்படம் கரிக்கட்டைக் கறுப்பு, சுண்ணாம்பு வெள்ளை.

“அப்பா அவசரப்பட்டிருக்கார். தை மாசம், கூட்டம். ஹைப்போ போகக் கழுவலை. அதான் பழுத்துப்போச்சு.”

கொஞ்ச நேரம் பழுப்பையே பார்க்கிறார். அக்கா மகனைக் கூப்பிடுகிறார்.

“டீக்கடையில போய் ஒரு சொம்பு டீ வாங்கிட்டு வா. பால் வேணாம். சர்க்கரை வேணாம். டிக்காஷன் மட்டும்.”

டீக்கடைக்காரர் யாருக்குச் சர்க்கரை வியாதி என்று விசாரிக்கிறார். இவன் போட்டோவுக்கு என்கிறான். அவர் இன்னொரு தடவை கேட்கவில்லை.

ஆறிய டீ டிரேயில் நிற்கிறது. படம் அதற்குள் போகிறது. பெரியவர் இரண்டு விரலால் ஆட்டுகிறார். வெள்ளைகள் மெதுவாகச் சாயம் பிடிக்கின்றன. முந்தானை, கண்ணின் வெள்ளை, நரைத்த வகிடு. எடுத்துத் தாத்தாவுக்குப் பக்கத்தில் பிடிக்கிறார். இன்னும் கொஞ்சம். திரும்ப முக்குகிறார். மூன்றாம் தடவை பிடித்தபோது இரண்டும் ஒரே வருஷத்துப் படம்போல் இருக்கிறது.

படத்தைக் கொடியில் மாட்டிக் காயவிடுகிறார். அறையில் ஹைப்போ நாற்றமும் டீ மணமும்.

ஒன்பதாம் நாள். பதினொன்றரை பேருந்தில் பாட்டியும் பேரனும் வருகிறார்கள். ஷட்டரில் குனிகிறார்கள். பச்சைத் திரை விலகுகிறது.

நாற்காலியில் இரண்டு படமும் சேர்த்துச் சாய்த்திருக்கிறது. இடது பக்கம் அவர். வலது பக்கம் அவள். அவர் சற்று வலப்பக்கம் பார்க்கிறார். அவள் சற்று இடப்பக்கம் பார்க்கிறாள். இருவருக்கும் பின்னால் அதே தூண்.

பேரன் முதலில் பேசுகிறான்.

“தாத்தா ஒன் மகன் மாதிரி இருக்காரு அப்பாயி.”

அவருக்கு 34. அவளுக்கு 78.

பாட்டி பதில் சொல்லவில்லை. கிட்டே போகிறாள். புதுப்படத்தைத் தொடுவதற்குமுன் விரலைப் புடவையில் துடைத்துக்கொள்கிறாள். கன்னத்தை, மருவை, வெறுங்கையைப் பார்க்கிறாள். பிறகு அவரைப் பார்க்கிறாள். கழுத்து ஒரு பக்கம் சாய்கிறது.

“இங்க கொஞ்சம் கறுப்பா இருக்கு.”

“அது நெழல்மா. மூக்கோட நெழல். அவருக்கும் இருக்கு பாருங்க.”

பார்க்கிறாள். இருக்கிறது.

பெரியவர் படத்தை வெட்டும் பலகையில் வைக்கிறார். அளவுகோல், கத்தி. மேலே கால் அங்குலம். இரு பக்கமும் கால் அங்குலம். கீழேயும் கால் அங்குலத்துக்கு அளவுகோலை நகர்த்துகிறார்.

“தம்பி.”

கத்தி நிற்கிறது.

“கீழ கொஞ்சம் எடம் விடுங்க. அவருக்கு எழுதியிருக்குல்ல, அந்த மாதிரி எழுதணும்ல.”

பேரன் செல்போனை எடுத்துப் பார்க்கத் தொடங்குகிறான். கல்லாப் பக்கம் “எடுத்தாச்சு” என்ற குரல் கேட்கிறது.

பெரியவர் பழைய சட்டத்தின் வெள்ளைப் பட்டையில் அளவுகோலை வைத்துப் பார்க்கிறார். ஒன்றேகால் அங்குலம். அளவுகோலைப் புதுப்படத்துக்குக் கொண்டு வந்து, கீழே ஒன்றேகால் அங்குலம் விட்டுக் கத்தியை இழுக்கிறார்.